டெர்மினல்ல கிட்ஹப் லாகின் பண்றப்ப இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

வியாசர்பாடில எங்க வீட்டு மாடில சனி ஞாயிறு ஆனா காலேஜ் பசங்க அஞ்சாறு பேர் கோடிங் பழக வருவாங்க, இருக்கிறது ரெண்டே லேப்டாப், மாத்தி மாத்தி உக்காருவாங்க. அதனால லாகின்ல என்னென்ன சொதப்பல் வரும்னு கண்ணால பாத்திருக்கேன்.

புதுசா வர்ற பசங்க கிட் புஷ் (நம்ம கோடை கிட்ஹப் சைட்டுக்கு ஏத்துற கமாண்ட்) குடுத்துட்டு, பாஸ்வேர்ட் கேட்டதும் கிட்ஹப் பாஸ்வேர்டையே அடிப்பாங்க. அதை 2021 ஆகஸ்ட் 13ஆம் தேதியே நிறுத்திட்டாங்க, கரெக்டா அடிச்சாலும் உள்ள விடாது. டோக்கன் (பாஸ்வேர்டுக்கு பதிலா கிட்ஹப் குடுக்கிற நீளமான ரகசிய எழுத்து) வேணும், இல்லன்னா எஸ்எஸ்எச் கீ (நம்ம மெஷின்ல இருக்கிற சாவி ஃபைல்).

டோக்கன்னு தெரிஞ்சதும் பண்றதுதான் எனக்கு ரொம்ப பயம்: குளோன் பண்ற, அதாவது கிட்ஹப்ல இருக்கிற கோடை நம்ம மெஷினுக்கு எறக்குற, யூஆர்எல்லுக்குள்ளயே டோக்கனை ஒட்டிடுவாங்க. வேலை என்னவோ நடந்துரும், ஆனா டோக்கன் அந்த ஃபோல்டர்ல டாட் கிட் உள்ள கான்ஃபிக் ஃபைல்ல அப்டியே உக்காந்துக்கும், டெர்மினல் ஹிஸ்டரிலயும் நிக்கும், அடுத்து வர்ற பையன் மேல் அம்புக்குறிய ரெண்டு தட்டு தட்டினா போதும் எல்லாம் தெரிஞ்சிரும். கிரெடென்ஷியல் ஹெல்ப்பர்ல (லாகின் விவரத்தை கிட் ஞாபகம் வெச்சிக்கிற வசதி) ஸ்டோர்னு வெச்சாலும் இதே கததான், ஹோம் ஃபோல்டர்ல வெறும் டெக்ஸ்டா கெடக்கும்.

அதுக்கு பதிலா ஜிஎச் டூல் (கிட்ஹப் சிஎல்ஐன்னும் சொல்லுவாங்க, கிட்ஹப்போட சொந்த டெர்மினல் டூல்) போட்டு ஜிஎச் ஆத் லாகின்னு கமாண்ட் குடுங்க. எட்டெழுத்து கோட் ஒண்ணு காட்டும், பிரவுசர்ல அதை போட்டா முடிஞ்சுது, சிஸ்டத்துல கீரிங் (பாஸ்வேர்டெல்லாம் பூட்டி வெக்கிற இடம்) இருந்தா டோக்கனை அதுலயே பத்திரமா வெச்சிக்கும். ஒண்ணு மட்டும் கெஞ்சி கேக்குறேன், வேற யாராச்சும் வாட்ஸ்அப்ல கோட் அனுப்பி "இத போடு தம்பி"ன்னா போடவே போடாதீங்க, உங்க அக்கவுண்ட் சாவி அவங்க கைக்கு போயிரும்.

லாகின் பண்ணியும் பழைய அக்கவுண்ட்டே காட்டுதா? எப்பவோ செட் பண்ண GH_TOKEN-ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள் (டெர்மினல்ல பேர் குடுத்து போட்டு வெக்கிற மதிப்பு) இருக்கான்னு பாருங்க, அது இருந்தா அதைத்தான் எடுத்துக்கும். ஒரு பொண்ணுக்கு இதுலயே ஒரு மத்தியானம் போச்சு.

அப்புறம் லாகவுட். ஆத் லாகவுட் குடுத்தா அந்த மெஷின்ல இருந்து மட்டும்தான் போகும், டோக்கன் சாகாது. பிரவுசிங் சென்டர்லயோ ஃப்ரெண்ட் லேப்டாப்லயோ லாகின் பண்ணிருந்தா, கிட்ஹப் செட்டிங்ஸ்ல அப்ளிகேஷன்ஸ் போய் கிட்ஹப் சிஎல்ஐய ரிவோக் பண்ணுங்க (குடுத்த அனுமதிய ரத்து பண்றது), உங்க சொந்த மெஷின்லயும் திரும்ப லாகின் பண்ண வேண்டி வரும், பரவால்ல. நீங்களே செஞ்ச டோக்கனா இருந்தா டெவலப்பர் செட்டிங்ஸ்ல போய் டெலீட். கமிட்ல (கோடை கிட்ல சேமிக்கிற ஒவ்வொரு பதிவு) டோக்கன் போயிருச்சுன்னாலும் முதல் வேலை அதான், ஃபைல்ல அழிச்சிட்டு புது கமிட் போட்டாலும் பழைய கமிட்ல அது அப்டியே இருக்கும்.