நடுத்தர செயின்சாவில் பெரிய மரம்: மாற்றம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழுந்து கிடக்கும் பெரிய மரத்தை 50, 60 சிசி செயின்சாவால் துண்டு போட முடியுமா என்றால், முடியும். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தத் தாமதம் பொறுக்காமல்தான் பலர் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். சைலன்சரில் ஓட்டை, நீளமான பார் (செயின் சுற்றி ஓடும் தகடு), பெரிய ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) என்று வேலை வளர்ந்துகொண்டே போகும். மாற்றம் செய்வதில் தப்பில்லை. எதை முதலில் தொடுவது, ஒன்றைத் தொட்டால் கூடவே எதைத் தொட்டாக வேண்டும் என்பதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

செயினைப் பார்க்காமல் இன்ஜினைக் குறை சொல்வது

இன்ஜினில் பலம் போதவில்லை என்று வரும் புகார்களில் பாதிக்குமேல் செயின் விவகாரமாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. வெட்டிலிருந்து என்ன விழுகிறது என்று கவனியுங்கள். செதில் செதிலாகச் சிராய் விழுந்தால் செயின் நன்றாக வெட்டுகிறது. மாவுபோல் தூள் பறந்தால் அது மரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் எத்தனை சிசி இருந்தாலும் வெப்பம்தான் மிச்சம்.

இன்ஜினை நிறுத்தி, கையுறை போட்டு, ஒரு பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல்தட்டின் முன்விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அங்கே கூர் போய்விட்டது என்று அர்த்தம். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, கோடே தெரியாது. முதலில் மழுங்குவது மேல்தட்டும் பக்கத்தட்டும் சேரும் வெளி மூலைதான்; வெட்டை ஆரம்பித்து வைப்பதும் அதே மூலைதான். அந்தக் கோடு மூலைவரை முழுசாக மறையும்வரை அரம் போட வேண்டும். நாலு இழுப்பில் போதும் என்று எல்லாப் பல்லுக்கும் ஒரே கணக்கு வைப்பது சரிவராது. அரத்தின் அளவும் முக்கியம்: .325 பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) செயினுக்கு 4.8 மி.மீ., 3/8 பிட்ச்சுக்கு பெரும்பாலும் 5.2 அல்லது 5.5 மி.மீ. செயின் பெட்டியில் போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கப் பற்கள் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் வெட்டு வளைந்து போகும். சின்னக் கட்டையில் இது தெரியாது. பருமனான அடிமரத்தில் பாதி இறங்குவதற்குள் பார் உள்ளேயே இறுகிவிடும்.

அடுத்தது, பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேடு. பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரம் எடுக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். பொதுவாகப் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இருக்கும். கூர் தீட்டத் தீட்டப் பல்லின் உயரம் குறையும், ஆகவே இதையும் அவ்வப்போது அளவுத்தகடு வைத்து இறக்க வேண்டும். இதை மறந்தால் செயின் வெட்டாது. வேகம் வேண்டும் என்று கண்மூடித்தனமாக இறக்கினாலோ, ஒவ்வொரு பல்லும் மரத்தை வாரிப் பிடிக்கும், நடுத்தர இன்ஜின் திணறி நிற்கும், செயின்சா முகத்தை நோக்கித் திருப்பி எறியும் ஆபத்தும் கூடும். வேகத்துக்காகச் செய்கிற மாற்றங்களில் இதுதான் மிக மலிவு, மிக ஆபத்தும் இதுதான்.

சதுர மூலைப் பல் உள்ள ஃபுல் சிசல் செயின் சுத்தமான மரத்தில் நன்றாகப் பறக்கும். ஆனால் விழுந்த மரத்தின் பட்டையில் மண்ணும் மணலும் ஒட்டியிருக்கும். அங்கே மூலை வட்டமான செமி சிசல் கூரை நீண்ட நேரம் தாங்கும். நாள் முடிவில் அதிகம் அறுத்தது எது என்று பார்த்தால் பெரும்பாலும் செமி சிசல்தான்.

மரம் பெரிது என்று பாரையும் நீட்டுவது

20 அங்குல பாரைக் கொண்டே, இரு பக்கமிருந்தும் வெட்டினால் கிட்டத்தட்ட 40 அங்குலக் குறுக்களவுள்ள அடிமரம்வரை அறுக்கலாம். ஆகவே 60 சிசி செயின்சாவில் 28 அங்குல பார் மாட்ட அவசியம் அபூர்வம். பார் நீள நீள, மரத்துக்குள் ஒரே நேரத்தில் வெட்டும் பற்கள் கூடும், செயின் உராய்வும் கூடும். இன்ஜின் வேகம் இறங்கும், கிளட்ச் வழுக்கும், கிளட்ச் டிரம் சூடேறும். பக்கத்தில் இருக்கும் ஆயில் பம்பின் பிளாஸ்டிக் பாகங்கள் உருகுவது இப்படித்தான்.

நீளமான பார் இல்லாமல் தீராது என்றால், பற்கள் இடைவிட்டு வரும் ஸ்கிப் செயின் போடுங்கள். பற்கள் குறைவதால் சுமை குறையும், சிராய் வெளியேற இடமும் கிடைக்கும். கூடவே செயினுக்குப் போகும் ஆயிலைக் கவனியுங்கள். பார் நுனியை வெளிறிய கட்டைக்கு மேலே கொஞ்சம் தள்ளிப் பிடித்து முழு வேகம் கொடுத்தால், சில நொடிகளில் ஆயில் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லையென்றால் ஆயில் ஸ்க்ரூவைக் கூட்ட வேண்டும். கடைசிவரை கூட்டியும் வரவில்லை என்றால் அந்த பார் அந்த மெஷினுக்கு அதிகம். வேறு மாடலின் பாரை மாட்டியிருந்தால், ஆயில் துளை மெஷினின் துளையோடு நேராக வருகிறதா என்றும் பாருங்கள்.

8 பல் ஸ்ப்ராக்கெட்

7 பல்லை 8 ஆக்கினால் செயின் வேகம் 14 சதவீதம் கூடும், இழுவிசை சுமார் 12.5 சதவீதம் குறையும். மெல்லிய மரத்தில் இது லாபம். பருமனான மரத்தில் நமக்கு வேண்டியதே இழுவிசைதான். இருந்தும் பெரிய மரத்துக்காகவென்றே 8 பல் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 7 போதும், விடுங்கள்.

சைலன்சரைத் திறந்துவிட்டு கார்புரேட்டரை மறப்பது

இதுதான் அதிகம் பிஸ்டனைத் தின்னும் தவறு. பெரும்பாலான சைலன்சர்களின் வாய் சத்தத்துக்காகவும் புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கும். அதைப் பெரிதாக்கினால் இன்ஜின் நன்றாக மூச்சு விடும், பலமும் கூடும், உண்மை. ஆனால் உள்ளே போகும் காற்று கூடும்போது அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. கலவை வறண்டால், அதாவது காற்றுக்கேற்ற பெட்ரோல் இல்லாவிட்டால், வெப்பம் ஏறும், மசகும் குறையும். முழு வேகத்தில் ஒரு பெரிய வெட்டு முடிவதற்குள் பிஸ்டன் சிலிண்டரில் கீறல் விழும். வறண்ட கலவையில் இன்ஜின் கொஞ்ச நேரம் முன்பைவிடச் சுறுசுறுப்பாக ஓடுவதுபோல் தோன்றும். அதை நம்பி ஏமாறாதீர்கள்.

டியூன் செய்வதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். இன்ஜினைச் சூடாக்கிவிட்டு, சுமை இல்லாமல் முழு வேகம் கொடுங்கள். கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் H ஸ்க்ரூவை மெல்லத் திறந்தால், ஒரே சீரான கீச்சுச் சத்தம் கொஞ்சம் கரகரப்பாகி, விட்டு விட்டு அடிக்கும் ஓசையாக மாறும். கலவை வளமாக (பெட்ரோல் தாராளமாக) இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மரத்தில் இறக்கியதும் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும். பாரை லேசாகத் தூக்கினால் மறுபடி கரகரக்க வேண்டும். இப்படி வந்தால் சரி. வெட்டுக்குள்ளும் கரகரத்தால் சற்று மூடுங்கள், சுமை இல்லாதபோதும் கீச்சென்றே இருந்தால் உடனே திறங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேக வரம்புள்ள இக்னிஷன் காயில் கொண்ட மாடல்களில், வரம்பைத் தொட்டதும் இன்ஜின் தானாகவே விட்டு விட்டு அடிக்கும். கேட்பதற்கு வளமான கலவை போலவே இருக்கும், உள்ளே வறண்டு கிடக்கலாம். ஆகவே இன்ஜின் வேகத்தை அளக்கும் டேகோமீட்டர் வைத்து, அந்த வரம்புக்குக் கீழே கரகரப்பு வருகிறதா என்று பாருங்கள். கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்களில் திருக ஸ்க்ரூவே கிடையாது. அவை தாமாகவே ஓரளவுக்குச் சரிசெய்துகொள்ளும். அந்த அளவைத் தாண்டி வாயைத் திறந்தால் அவற்றாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய மெஷின் என்றால் இன்னொன்று. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயோ கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள சீலோ வெடித்துக் காற்று உள்ளே வந்தால், என்ன டியூன் செய்தாலும் நிற்காது. ஐடிலில் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் இதைச் சந்தேகப்படலாம். முதலில் கசிவை அடைத்துவிடுங்கள்.

சைலன்சரை மெஷினில் இருக்கும்போதே துளைபோடக் கூடாது. இரும்புத் தூள் எக்ஸாஸ்ட் வாய் வழியாக சிலிண்டருக்குள் விழும். கழற்றித் துளைத்து, கழுவி, பிறகு மாட்டுங்கள். புது வாய் உங்கள் கையையோ பிளாஸ்டிக் உறையையோ பார்க்கக் கூடாது. பொறித் தடுப்பு வலையைத் தூக்கி எறியாதீர்கள். காய்ந்த சருகுக்கு நடுவேதான் வேலை. சத்தம் எப்படியும் கூடும், காதுக்கவசம் இல்லாமல் தொடவே வேண்டாம்.

சிலிண்டர் கேஸ்கெட்டை எடுப்பது

அழுத்தத்தைக் கூட்ட, சிலிண்டருக்கு அடியில் இருக்கும் மெல்லிய கேஸ்கெட்டை எடுக்கும் பழக்கம் உண்டு. அதை எடுத்தால் சிலிண்டர் கீழே இறங்கும், சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட்டுகள், அதாவது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துளையும் கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் துளையும், திறக்கும் நேரம் மாறும். பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டர் தலைக்கும் அதற்கும் இருக்கும் இடைவெளியும் சுருங்கும். மெல்லிய ஈயக் கம்பியை பிளக் துளை வழியாக சிலிண்டர் ஓரம்வரை விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றி, நசுங்கிய நுனியை அளக்க வேண்டும். 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் சூடேறிய பிஸ்டன் தலையில் இடிக்கும் வாய்ப்பு உண்டு. அளக்காமல் எடுப்பதைவிட எடுக்காமலே இருக்கலாம். போர்ட்டை அரைத்துப் பெரிதாக்குவது அதற்கும் மேல். இந்த அளவுக்குச் செலவு செய்ய மனமிருந்தால் 70 சிசிக்கு மேல் ஒரு மெஷின் வாங்குவது புத்திசாலித்தனம்.

பாதுகாப்புக்கென்று பெட்ரோலில் ஆயிலைக் கூடுதலாகக் கலப்பதும் உதவாது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி. அதற்கு மேல் ஊற்றினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறையும், அதாவது கொஞ்சம் வறளும். விகிதத்தை மாற்றினால் கார்புரேட்டரையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மரம் கிடக்கும் விதத்தைப் பார்க்காமல் அறுப்பது

கூட்டிய பலம் எதுவும் இறுகிய பாரை மீட்காது. அடிமரம் இரு முனையிலும் தாங்கி நடுவில் தொங்கினால் மேல்பக்கம் நெருக்கும், கீழ்ப்பக்கம் விரியும். முதலில் மேலே மூன்றில் ஒரு பங்கு வரை வெட்டி, மீதியைக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். மேலிருந்து வெட்டும்போது பின்னாலேயே பிளாஸ்டிக் ஆப்பு இறக்கிவிடுங்கள். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் அத்தனை பல்லும் போச்சு. வேரோடு சாய்ந்த மரமானால், அடிமரத்தை வெட்டிவிட்டதும் வேர்த்தட்டு (மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்க்கூட்டம்) சட்டென்று குழிக்குள் திரும்பி விழலாம், சில சமயம் முன்னோக்கியும் சாயலாம். வேர்த்தட்டுக்குப் பின்னாலும் குழிக்குள்ளும் யாரையும் நிற்க விடாதீர்கள். கடைசி வெட்டைத் தட்டிலிருந்து போதிய நீளம் அடிமரம் விட்டே போடுங்கள்.