கேஸ் ஷீட்டில் ‘பெனிசிலின் அலர்ஜி’: வார்டில் பணிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

கேஸ் ஷீட்டில் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் பலரும் வான்கோமைசின், கிளிண்டமைசின் போன்ற வேறு வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தாவிவிடுகிறார்கள். அதை எழுதியது யார், எப்போது, என்ன நடந்ததால் என்று கேட்பவர்கள் குறைவு. பல நாடுகளில் மருத்துவமனை நோயாளிகளில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு இந்தக் குறிப்பு இருக்கிறது. முறையாகப் பரிசோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெனிசிலினைப் பிரச்சினையில்லாமல் ஏற்கிறார்கள். மாற்று மருந்துக்குப் போவதும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. எம்.ஆர்.எஸ்.ஏ. (பல மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா), சி. டிஃபிசில் (கடும் வயிற்றுப்போக்கைத் தரும் குடல் பாக்டீரியா) தொற்றுகளும் அறுவை சிகிச்சைப் புண்ணில் சீழ் வைப்பதும் இந்தக் குறிப்பு உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன.

படி 1: உட்கார்ந்து கேளுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். பத்து நிமிடம் ஒதுக்குங்கள். “உங்களுக்கு அலர்ஜி இருக்கா?” என்று கேட்டால் “ஆமா” என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்:

என்ன மருந்து? மாத்திரையா, ஊசியா? எந்த வயதில்? முதல் டோஸ் போட்டு எவ்வளவு நேரத்தில் ஆரம்பித்தது? தோலில் வந்தது எப்படி இருந்தது: சில மணி நேரத்தில் இடம் மாறி மறையும் அரிப்புத் தடிப்பா, நாள்கணக்கில் நின்ற சிவப்புப் புள்ளிகளா? உதடு, நாக்கு வீங்கியதா? மூச்சுத் திணறியதா, மயக்கம் வந்ததா? தோல் உரிந்ததா, வாயிலோ கண்ணிலோ புண் வந்ததா? அட்மிட் ஆனாரா, ஊசி போட்டார்களா?

அப்புறம் மிக முக்கியமான கேள்வி: அதற்குப் பிறகு அமாக்ஸிசிலின் எடுத்திருக்கிறாரா? “பெனிசிலின் ஆகாது” என்பவர் போன வருடம் பல்வலிக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் சாப்பிட்டிருப்பார். அதுவும் பெனிசிலின்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. பழைய மருந்துச் சீட்டுகளையும் புரட்டிப் பாருங்கள். அந்த நிகழ்வுக்குப் பிறகு பெனிசிலின் வகை மருந்தை முழுதாக எடுத்து ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்தக் குறிப்பை மூத்த மருத்துவரிடம் பேசி நீக்கிவிடலாம்.

குழந்தையாக இருந்தபோது நடந்தது என்றால் அம்மாவிடமோ அக்காவிடமோ கேளுங்கள். பல நேரம் விவரம் அவர்களிடம்தான் இருக்கும்.

படி 2: தரம் பிரியுங்கள்

குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி மட்டும் வந்திருந்தால் அது பக்கவிளைவு, ஒவ்வாமை அல்ல. வீட்டில் அப்பாவுக்கு அலர்ஜி என்பதால் இவருக்கும் எழுதிவைத்த குறிப்புக்கும் மதிப்பில்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் காய்ச்சலின்போது ஆம்பிசிலினோ அமாக்ஸிசிலினோ கொடுத்ததால் வந்த தடிப்பு பெரும்பாலும் நிலையான அலர்ஜி ஆவதில்லை.

மீதி உள்ளவர்களுக்கு, ஆஸ்திரேலியாவில் உருவாகி 2020-ல் வெளியான பென்-ஃபாஸ்ட் (PEN-FAST) மதிப்பெண் முறை கைகொடுக்கும். நிகழ்ந்து 5 ஆண்டுக்குள் என்றால் 2. அனஃபிலாக்ஸிஸ் (உயிருக்கே ஆபத்தான உடனடி அலர்ஜி), முக வீக்கம் அல்லது கடுமையான தோல் பாதிப்பு என்றால் 2. சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் 1. எப்போது நடந்தது, சிகிச்சை கொடுத்தார்களா என்பது தெரியாவிட்டாலும் அதற்கான மதிப்பெண்ணைச் சேர்க்க வேண்டும். கூட்டினால் 0 வந்தால் உண்மையான அலர்ஜிக்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. 1 அல்லது 2 என்றால் 5 சதவீதம் அளவு. 3 என்றால் 20 சதவீதம். 4, 5 என்றால் 50 சதவீதம்.

ஐந்து ஆண்டு என்ற கணக்குக்குக் காரணம் உண்டு. உடனடி அலர்ஜியை உண்டாக்கும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருள் காலப்போக்கில் குறைந்துவிடும். பத்து ஆண்டில் சுமார் 80 சதவீதம் பேருக்கு அந்த உணர்திறன் போய்விடுகிறது.

படி 3: தொடவே கூடாதவர்கள்

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் (தோல் உரிந்து வாய், கண்ணில் புண் வருவது), டிரெஸ் (தடிப்போடு காய்ச்சலும் உள்ளுறுப்புப் பாதிப்பும்) போன்ற கடும் தோல் பாதிப்பு, மருந்தால் வந்த ரத்தச் சிவப்பணுச் சிதைவு, சிறுநீரக அழற்சி, கல்லீரல் பாதிப்பு: இவற்றில் ஏதாவது இருந்தால் மதிப்பெண் என்னவாக இருந்தாலும் சோதித்துப் பார்க்கும் பேச்சே வேண்டாம். மருந்தைத் தோலில் சிறிதளவு செலுத்திப் பார்க்கும் தோல் பரிசோதனை இவற்றைக் கண்டுபிடிக்காது. அது உடனடி வகைக்கு மட்டும்தான்.

படி 4: வாய்வழிச் சோதனை

மதிப்பெண் 3-க்குக் கீழே உள்ள பெரியவர்களுக்குத் தோல் பரிசோதனை இல்லாமலே நேரடியாக மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். 2023-ல் வெளியான பேலஸ் ஆய்வில், இப்படி நேரடியாகக் கொடுத்தவர்களிடமும் முதலில் தோல் பரிசோதனை செய்தவர்களிடமும் அலர்ஜி உறுதியானது ஒரே அளவில்தான், 0.5 சதவீதம்.

சம்மதம் வாங்குங்கள். ரத்த அழுத்தம் சரிந்து கிடப்பவர், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர் என்றால் தள்ளிப்போடுங்கள். ஆன்டிஹிஸ்டமின் எடுத்துக்கொண்டிருந்தால் அது எதிர்வினையை மறைக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்; பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். பிறகு அமாக்ஸிசிலின் 250 அல்லது 500 மில்லிகிராம் ஒரு டோஸ். குறைந்தது ஒரு மணி நேரம் நாடி, ரத்த அழுத்தம், தோல், மூச்சு எல்லாவற்றையும் கவனியுங்கள். தாமதமாகத் தடிப்பு வரலாம் என்பதால், அடுத்த சில நாளுக்குள் ஏதாவது தெரிந்தால் சொல்லச் சொல்லுங்கள்.

மதிப்பெண் 3-ம் அதற்கு மேலும் என்றால் அலர்ஜி நிபுணரிடம் அனுப்புங்கள். இடையில் தொற்றுக்கு மருந்து வேண்டுமே? உடனடி வகை அலர்ஜி என்றால், பெனிசிலினுக்கு உறவான செஃபலோஸ்போரின் வகையில் செஃபாசோலின் நல்ல தேர்வு; அதன் பக்கச் சங்கிலி (அலர்ஜியைத் தூண்டக்கூடிய மூலக்கூறுப் பகுதி) எந்தப் பெனிசிலினோடும் ஒத்துப்போவதில்லை. அதே வகையைச் சேர்ந்த செஃபாலெக்ஸினும் செஃபாட்ராக்ஸிலும் பக்கச் சங்கிலியில் அமாக்ஸிசிலின் குடும்பத்தை ஒத்திருப்பதால் அவற்றில் ஜாக்கிரதை. மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் குறுக்கு எதிர்வினை, அதாவது பெனிசிலின் அலர்ஜி உள்ளவருக்கு இதுவும் ஆகாமல் போவது, 1 சதவீதத்துக்கும் குறைவு.

படி 5: எழுதிவையுங்கள்

இதில்தான் பல வார்டுகள் கோட்டை விடுகின்றன. சோதனை வெற்றி, ஆனால் கணினியில் பழைய குறிப்பு அப்படியே நிற்கிறது. அடுத்த அட்மிஷனில் மறுபடி வான்கோமைசின். கேஸ் ஷீட், கணினிப் பதிவு, கைப்பட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி நான்கையும் திருத்துங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கும் மருந்தகத்துக்கும் தகவல் போகட்டும். எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி, என்ன ஆயிற்று என்று நோயாளி கையில் ஒரு கடிதமும் கொடுங்கள். அலர்ஜி உறுதியானாலும் இதே விவரத்தோடு எழுதுங்கள். வெறும் ‘பெனிசிலின் அலர்ஜி’ என்று மட்டும் எழுதினால், அடுத்து வருபவர் படி 1-லிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.