போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் தேட ஆரம்பிப்பவர்களுக்கு: முதலில் தேதிகள், பிறகு விளம்பரங்கள்

விளம்பரங்களில் வரும் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடங்களில் பெரும்பாலானவை ஒரு பேராசிரியரின் திட்ட நிதியில் உள்ளவை. ஆய்வுக் கேள்வியும் அவருடையதுதான். ஃபெல்லோஷிப்பில் கேள்வி உங்களுடையது, அதற்கென்றே நிதி கிடைக்கிறது. அதனால் ஓராண்டுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

படி 1: தகுதியைக் கணக்கிடுங்கள்

ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: முனைவர் பட்டம் பெற்ற தேதி, கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த நாட்டில் எத்தனை மாதம் இருந்தீர்கள், குடியுரிமை. விண்ணப்பங்கள் அதிகம் தள்ளுபடியாவது இங்கேதான். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்பில் போஸ்ட்டாக் பிரிவுக்குப் பட்டம் பெற்று 4 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் போகவிருக்கும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. முனைவர் பட்டம் முடித்த நாட்டிலேயே தொடர நினைப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் (என்.ஐ.ஹெச்.) தரும் எஃப்32 என்ற போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப், அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். குழந்தைப்பேற்று விடுப்புக்காகப் பல அமைப்புகள் கால வரம்பை நீட்டுகின்றன. விதிகளில் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள்.

படி 2: உங்கள் துறை எங்கே அறிவிக்கிறது?

பார்க்க வேண்டிய இணையதளங்கள்: கணிதத்துக்கு மேத்ஜாப்ஸ், உயர் ஆற்றல் இயற்பியலுக்கு இன்ஸ்பயர், வானியலுக்கு அமெரிக்க வானியல் கழகத்தின் வேலைப் பதிவேடு, எல்லாத் துறைக்கும் யூராக்சஸ். வானியலில் அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சேர்வதற்கான கடைசித் தேதிகள் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் குவிந்துவிடும். இயற்பியலோ கணிதமோ படித்து உயிரியலுக்குத் தாவ நினைப்பவர்கள் உயிரியல் ஆய்வுக்கு நிதி தரும் பன்னாட்டு அமைப்பான ஹெச்.எஃப்.எஸ்.பி.யின் துறைகடந்த ஃபெல்லோஷிப்பைக் கட்டாயம் பாருங்கள். அது அவர்களுக்காகவே உள்ளது.

படி 3: ஆய்வகத் தலைவருக்கு எழுதுங்கள்

நீங்கள் சேர விரும்பும் ஆய்வகத்தின் தலைவருக்குக் கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பு எழுதுவது நல்லது. ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகம் (ஜே.எஸ்.பி.எஸ்.) தரும் ஃபெல்லோஷிப் போன்றவற்றில் விண்ணப்பத்தை அனுப்புவதே அங்குள்ள ஆய்வாளர்தான். அவர் சம்மதிக்காவிட்டால் வழியே இல்லை. மின்னஞ்சல் தலைப்பிலேயே ஃபெல்லோஷிப்பின் பெயரையும் ஆண்டையும் போடுங்கள். தன் நிதியிலிருந்து சம்பளம் கேட்கவில்லை என்று அவருக்கு உடனே புரியும். உள்ளே மூன்றே பத்தி: நீங்கள் யார், அவருடைய எந்தக் கட்டுரையிலிருந்து உங்கள் கேள்வி பிறக்கிறது, அங்கே என்ன செய்ய விரும்புகிறீர்கள். தன்விவரக் குறிப்பை இணையுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், பதிலும் வராது.

படி 4: ஆய்வுத் திட்டம்

முனைவர் பட்ட ஆய்வின் அடுத்த அத்தியாயத்தை எழுதாதீர்கள். இந்த ஆய்வகத்தில் மட்டுமே கற்கக்கூடிய ஒரு நுட்பத்தையாவது காட்டுங்கள். முதல் சோதனை பலிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதும் இருக்கட்டும். மதிப்பீட்டாளர்கள் அதைத் தேடிப் படிப்பார்கள்.

படி 5: கடிதங்களும் பதிவேற்றமும்

பரிந்துரைப்பவர்களுக்கு ஆறு வாரமாவது கொடுங்கள். பல தளங்களில் நீங்கள் அவர்களின் முகவரியை உள்ளிட்ட பிறகுதான் அவர்களுக்கு இணைப்பு போகும். படிவத்தைத் திறந்த அன்றே முகவரிகளை உள்ளிட்டுவிடுங்கள். மேரி கியூரி தளம் கடைசி நாளில் பிரஸ்ஸல்ஸ் நேரப்படி மாலை 5 மணிக்கு மூடும். இரண்டு நாள் முன்பே ஒரு பிரதியைச் சமர்ப்பித்துவிடுங்கள், மூடும்வரை திருத்திய பிரதியை மீண்டும் ஏற்றலாம்.