பஸ்ஸிலேயே செத்துப்போன கோழி மருந்து

போன சித்திரையில் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவன் கோழித் தடுப்பு மருந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பழைய நானே வந்து நிற்பதுபோல் இருந்தது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, ஒரு வார்த்தை கேட்பதில்லை. சரி, கோழியைப் பிடிப்பது, சொட்டு விடுவதெல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். அதை விடுவோம். மருந்தை வீணாக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஐஸ் இல்லாமல் கொண்டுவருவது

சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்க்குக் கண்ணிலும் மூக்கிலும் விடும் தடுப்பு மருந்துகளான லசோட்டா, எஃப்1 இரண்டும் உயிருள்ள வைரஸ்கள். வைரஸ் தனியாகப் பெருகாது. கோழியின் செல்லுக்குள் தன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை இறக்கி, அந்தச் செல்லையே வேலை வாங்கித்தான் நகல் எடுக்கும். அதனால்தான் மருந்து செய்பவர்களும் இதைக் கருவுள்ள முட்டையில் வளர்த்து, உறையவைத்து உலர்த்திக் குப்பியில் அடைக்கிறார்கள். லசோட்டா 1940-களில் நியூ ஜெர்சிப் பண்ணை ஒன்றில் கிடைத்த சாதுவான வகை. கோழிக்குள் பெருகும், கொல்லாது. அது பெருகும்போதுதான் உடம்பு நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருளைத் தயார் செய்கிறது. வழியிலேயே சூட்டில் செத்துவிட்டால் நாம் விடுவது வெறும் தண்ணீர்.

நான் தஞ்சாவூரிலிருந்து ஜன்னலோர சீட்டில், குப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன். 42 கோழிக்கும் விட்டேன். அப்புறம் மருந்து விட்டாயிற்றே என்ற தைரியத்தில் சந்தையில் வாங்கிய இரண்டு சேவலையும் உடனே சேர்த்துவிட்டேன். கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக விழுந்தன. மிஞ்சியது மூன்று. போலி மருந்து என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. கேட்டிருந்தால் அவரே ஐஸ் போட்டுக் கொடுத்திருப்பார்.

2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்க் போதும். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் விட்டு முடியுங்கள். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் கலப்பது

குளோரின் வைரஸைக் கொன்றுவிடும்.

பொரித்த அன்றே விடுவது

முட்டை வழியாகத் தாய் கொடுத்த எதிர்ப்பொருள் குஞ்சின் உடம்பில் இருக்கும். மருந்து வைரஸையும் அது பெருக விடாது. ஏழாம் நாள் விடுங்கள். எட்டாவது வாரம் இறக்கைத் தோலடியில் ஊசி. அதை மறப்பவர்களே அதிகம்.

முதல் கோழி செத்தபின் மருந்துக்கு ஓடுவது

எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நோய் அவ்வளவு நாள் காத்திருக்காது. போதாக்குறைக்கு, நோய் உள்ளே புகுந்த கோழிக்குக் குத்திய ஊசியாலேயே அடுத்ததற்கும் குத்தினால், நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி.