ரெண்டே மைக்ல ஆர்கெஸ்ட்ரா ரெக்கார்டிங்

காட்பாடி பக்கம் சர்ச்ல கிறிஸ்மஸுக்கு வயலின், செல்லோ, புல்லாங்குழல்னு இருபது பேர் சேர்ந்து வாசிப்பாங்க, அதை ரெக்கார்ட் பண்ண ஆளுக்கு ஒரு மைக் வைக்கவே வேணாம்ங்க. ஒரே மாதிரி கார்டியாய்டு மைக் (முன்பக்கச் சத்தத்தை அதிகமா, பின்பக்கத்தைக் கம்மியா வாங்கற மைக்) ரெண்டு போதும், தலை ரெண்டுக்கும் நடுவுல 17 செ.மீ., வெளிப்பக்கமா 110 டிகிரி விரிச்சு வைங்க, இதுக்கு ஓஆர்டிஎஃப்னு பேரு. கையசைச்சு குழுவை நடத்தற கண்டக்டருக்குப் பின்னாடி, ஒம்போது பத்தடி உயரத்துல ஸ்டாண்ட்.

ஒத்திகைலயே ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. எதிரொலி ஜாஸ்தியா இருந்தா ஸ்டாண்டை ஒரு அடி முன்னாடி தள்ளுங்க, முன்வரிசை வயலின் மட்டும் காதைக் குத்துச்சுன்னா பின்னாடி இழுங்க, அந்த ஒரு அடிதான் எல்லாமே, ஏன்னா அப்புறம் மிக்ஸிங்ல தனித்தனியா ஏத்தி இறக்க முடியாது.

ரெக்கார்டர்ல 24 பிட் தரம் வைங்க, மீட்டர்ல உச்ச சத்தம் மைனஸ் 10 டிபி தாண்டாம பாத்துக்குங்க. நம்மூர் வெயிலுக்கு ஃபேனை நிறுத்தச் சொன்னா முறைப்பாங்க, மைக்குக்கு மேல இருக்கற ஃபேனையாவது கெஞ்சி நிறுத்திடுங்க.

1951லயே சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை மெர்க்குரிங்கற ரெக்கார்ட் கம்பெனி ஒரே மைக்ல பதிவு பண்ணிருக்காங்க, இன்னிக்கும் கேக்கறப்ப சிலிர்க்குது!