கென்ட் ரிட்ஜில் சிற்பம் பார்க்கப் போகிறீர்களா?

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு கலை அருங்காட்சியகம் (NUS Museum) இருப்பது, அந்த வளாகத்தைத் தினம் கடந்து போகிற பலருக்கே தெரியாது. பல்கலைக்கழகக் கலாசார மையக் கட்டடத்தில் இருக்கிறது, நுழைவு இலவசம். கென்ட் ரிட்ஜ் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, வளாகத்துக்குள் ஓடும் ஷட்டில் பேருந்தில் ஏறிவிடுங்கள். எல்லாம் மேடும் இறக்கமும். வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தால் சிற்பம் பார்க்கிற தெம்பு மிஞ்சாது. திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிட்டே கிளம்புங்கள், காட்சிக்கு வைத்திருப்பதையும் அவ்வப்போது மாற்றுவார்கள்.

உள்ளே போனதும் சிற்பி இங் எங் டெங் படைப்புகள் எங்கே என்று கேளுங்கள். 1934இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ஓவியர் ஜார்ஜெட் சென்னிடம் ஓவியம் படித்து, அப்புறம் இங்கிலாந்து போய் மட்பாண்டக் கலை கற்று, 1966இல் ஊர் திரும்பினார். 2001இல் இறப்பதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை இந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். அதனால் அவருடைய கை எப்படி மாறிக்கொண்டே வந்தது என்பதை ஒரே இடத்தில் பார்க்கலாம்.

சரி, எப்படிப் பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள், நாலைந்து போதும். பெயர்ப் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொண்டு (திரும்பும்போது எதையாவது இடித்தால் அவ்வளவுதான்) ஒரு சிற்பத்தை முழுக்கச் சுற்றி வாருங்கள், குனிந்தும் பாருங்கள். அவருடைய பிற்காலச் சிற்பங்களில் மனித உடலே முகமாக மாறுகிற ஒரு வரிசை உண்டு. ஓரடி தள்ளி நின்றால் உடல், இன்னொரு பக்கம் வந்தால் யாரோ உங்களைப் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் அங்கே ரொம்பப் பிடித்தது.

சுடுமண் சிற்பம் என்றால் அது உள்ளே கூடாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். களிமண்ணைக் கனமாக விட்டால் ஈரம் சிக்கி, சூளையில் ஆவியாகி வெடித்துவிடும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற எங்காவது ஒரு துளை விட்டிருப்பார், தேடிப் பாருங்கள். பெரிய உருவங்களுக்கு அலுமினா சிமென்ட் அவருக்குக் கைகொடுத்தது. வெண்கலத்தைவிட மலிவு, சீக்கிரம் இறுகும். 1974இல் பிளாசா சிங்கப்பூரா கடைத்தொகுதிக்காக அவர் செய்த 'செல்வம்', 'மனநிறைவு' இரண்டும் பின்னர் இந்த வளாகத்துக்கே வந்துவிட்டன, வெளியே நடக்கும்போது கண்ணில் படும்.

இந்தியச் சேகரிப்பும் உண்டு. இந்த அருங்காட்சியகம் 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகமாகத் தொடங்கியபோது சேர்த்தவை அதில் இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகம் இரண்டானபோது, அண்ணன் தம்பி பாத்திரம் பிரிப்பதுபோல, சேகரிப்பையும் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் பங்கு போட்டுக்கொண்டன. கற்சிற்பம் ஏதாவது காட்சியில் இருந்தால் நமக்கு ஒரு வசதி: எண்ணெயும் பட்டும் பூமாலையும் இல்லாமல் உளி வேலை அப்படியே தெரியும். சுவர் மாடத்துக்காகச் செதுக்கியது என்றால் பின்பக்கம் பெரும்பாலும் கரடுமுரடாகவே விட்டிருப்பார்கள், அதையும் எட்டிப் பாருங்கள். கோயில் தூணைத் தடவிப் பழகிய கை சும்மா இருக்காது, பாக்கெட்டில் விட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளோடு போகிறீர்களா? அதே வளாகத்தில் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது, நீண்ட கழுத்து டைனோசர் எலும்புக்கூடுகள் மூன்று. அதற்கு டிக்கெட் உண்டு. சிற்பத்தை முதலில் முடித்துவிடுங்கள், டைனோசரைப் பார்த்துவிட்டால் இந்தப் பக்கம் திரும்ப வர மாட்டார்கள்.