நம்பர் கொடுத்தார், சம்மதம் கொடுக்கவில்லை

நேற்று இரவு பதினொன்றேகாலுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. போன வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு சிறுதொழில் சந்திப்பில் பழக்கமான தம்பி, கேக் செய்து விற்கிறவர், என்னையும் இன்னும் 60 பேரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போட்டிருந்தார். வணக்கம்கூட இல்லை, நேராக விலைப் பட்டியல். கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. இதே கூத்தை நானும் அடித்தவன்தான்.

புதிதாகச் சிறுதொழில் தொடங்கியவர்கள், நம்பர் கொடுத்தவருக்கு வாட்ஸ்அப்பில் விலை அனுப்பும்போது செய்யும் தவறுகள் சில உண்டு. மங்கிய படம், எழுத்துப் பிழை எல்லாம் நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்வீர்கள். அதை விடுங்கள்.

கேட்காமல் குழுவில் சேர்ப்பது

நான் பினாங்கில் முறுக்கு விற்கத் தொடங்கிய முதல் தீபாவளி. ஜார்ஜ்டவுன் அலுவலகம் ஒன்றில் வேலை செய்த அக்கா, ஊழியர்களுக்குக் கொடுக்க 120 டப்பா வேண்டும், விலை அனுப்புங்கள் என்றார். தனியாக அனுப்பச் சோம்பல்பட்டு, கையிலிருந்த 80 நம்பரோடு அவரையும் ஒரு குழுவில் போட்டேன். விடிவதற்குள் குழு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருவர் சேலை விற்றார், இன்னொருவர் காப்புறுதி. மூன்றாம் நாள் அக்காவுக்கு ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) கடன் விளம்பரம் போயிருக்கிறது.

“தம்பி, நான் முறுக்குதானே கேட்டேன்? என் நம்பரை ஏன் ஊருக்கே குடுத்தீங்க?”

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. அரைத்து வைத்த மாவு மட்டும் வீட்டில் இருந்தது.

குழுவில் இருக்கும் எல்லாருக்கும் எல்லார் நம்பரும் தெரியும். புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், என் விவரத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதே என்று எழுதிக் கேட்கும் உரிமையே இருக்கிறது.

பலருக்கு அனுப்ப வேண்டுமா? வாட்ஸ்அப்பிலேயே பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை. ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். அதனால் அவர் உங்களைச் சேமித்து வைக்கிற மாதிரி முதல் செய்தி இருக்கட்டும். நான் இப்போது எழுதுவது இப்படி: “அக்கா, சனிக்கிழமை உங்க பக்கத்துல உட்கார்ந்திருந்த முறுக்குக்காரன். நீங்க கேட்ட விலை இது. தீபாவளிக்குப் பட்டியல் அனுப்பலாமா?”

மூன்று பெயர்

எஸ்எஸ்எம்மில், அதாவது மலேசிய நிறுவன ஆணையத்தில், பதிவு செய்த தொழிலுக்கு ஒரு பெயர், இன்ஸ்டாகிராமில் இன்னொன்று, டுயிட்நவ் என்ற பணப் பரிமாற்றச் சேவையில் வாடிக்கையாளர் காசு அனுப்பப் போனால் மனைவியின் பெயர். மோசடிக் கதைகளைத் தினமும் படிக்கிற ஊர் இது. யாராக இருந்தாலும் கை அங்கேயே நின்றுவிடும். மாற்ற முடியாவிட்டால், யார் பெயர் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ராத்திரிச் செய்தி

வேண்டாம்.

குரல் பதிவு

அலுவலகத்தில் இருப்பவர் மூன்று நிமிடப் பேச்சைக் காதில் வைத்துக் கேட்கமாட்டார். விலை, அளவு, தேதி எழுத்தில் வரட்டும்.

காலையில் அந்தத் தம்பிக்குத் தனியாக எழுதினேன். குழுவைக் கலைத்துவிட்டார். இப்போது ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார், குரல் பதிவில்.